கைபட்ட நாற்காலி

வீட்டிற்குப் புதுச் சாமான் வந்தால் பழையது எங்கே போகிறது? முதலில் திண்ணைக்கு, பின்னர்க் கொல்லைப்புறத்துக்கு, முடிவில் விறகுக் கட்டைகளோடு. எங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலியும் அந்த வழியே போய்க்கொண்டிருந்தது. பாட்டனார் உட்கார்ந்த தேக்கு நாற்காலி அது. கால்கள் ஆடின, பிரம்புப் பின்னல் அறுந்து தொங்கியது. விறகாகும் முன் தடுத்து, முதிய தச்சர் ஒருவரை அழைத்து வந்தேன்.

அவர் அதைக் கவிழ்த்து, மூட்டுகளைத் தட்டிப் பார்த்தார். “கட்டைக்கு ஒரு குறையும் இல்லை, பசைதான் விட்டுப்போயிற்று” என்றார்.

மாணவ நண்பர்களே, அந்தச் சொல்லில் ஒரு கலையே அடங்கியிருக்கிறது. தேக்கில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பொருள்கள் கறையானையும் உளுப்பையும் எளிதில் அண்டவிடா. ஒரு கட்டையின் முனையை நாக்குப்போலச் செதுக்கி, மற்றொன்றில் வெட்டிய துளையில் செருகி, வச்சிரப் பசையால் ஒட்டுவது பழைய தச்சு முறை. விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது வச்சிரம். வெந்நீர் பட்டால் அது இளகும். ஆகவே, மூட்டை உடைக்காமலே கழற்றலாம். சுரண்டித் தூய்மை செய்து மீண்டும் ஒட்டலாம். ஆணி அடித்தால் வேலை விரைவில் முடியுமே என்பீர்கள். மரம் மழைக்காலத்தில் ஈரம் ஏற்று விரியும், கோடையில் சுருங்கும். ஆணி அதற்கு இணங்காது. நாளடைவில் அவ்விடத்தில் மரம் பிளக்கக்கூடும்.

மெருகும் அவ்வாறே. அரக்குப் பூச்சி சுரக்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவர். மேலே புதிதாகப் பூசினால், பழைய பூச்சும் சிறிது கரைந்து அதனோடு ஒன்றிவிடும்.

இங்கேதான் நான் தவறிழைத்தேன். தச்சர் உணவுக்குப் போன வேளையில், உதவி செய்வதாக எண்ணி, உப்புத்தாளால் ஒரு கைப்பிடியைத் தேய்த்து வெளுக்கச் செய்துவிட்டேன். திரும்பி வந்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “புது நாற்காலி நானே செய்து தருவேன், தம்பி. உங்கள் பாட்டனார் கை தேய்த்த பளபளப்பை நான் எங்கே போய்ச் செய்வேன்?” என்றார்.

இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்ற அறிஞர் 1877ஆம் ஆண்டில் பழங்கட்டடப் பாதுகாப்புக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். புதுப்பிக்கிறோம் என்று சொல்லிப் பழைய சுவர்களைச் சுரண்டுவதை அச்சங்கம் எதிர்த்தது. எங்கள் தச்சர் மாரிஸின் பெயரைக் கேட்டிரார். ஆயினும் இருவர் கொள்கையும் ஒன்றே: பழுதை நீக்கு, முதுமையை நீக்காதே.

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தேக்குச் சாமான்கள் வாங்குவோருக்காகக் காத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று உங்கள் கைக்கு வருமானால், உப்புத்தாளை எடுக்குமுன் மூட்டுகளைத் தட்டிப் பாருங்கள்.

எங்கள் நாற்காலி இன்று உறுதியாக நிற்கிறது. அதன் ஒரு கைப்பிடி கறுத்து மின்னுகிறது, மற்றொன்று வெளுத்திருக்கிறது. அந்த வெளுப்பு என் கைவேலை.