ஊஞ்சலைக் கழற்றும் முன்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பூங்காவில் ஊஞ்சலிலிருந்து விழுந்து ஒரு குழந்தைக்குக் கை முறிந்ததை அனைவரும் அறிவீர்கள். கட்டுப் பிரித்தாகிவிட்டது, குழந்தை நலம். இதையடுத்து ஊஞ்சலையும் சறுக்கு மரத்தையும் எடுத்துவிட்டு, 'மரத்தில் ஏறக்கூடாது' என்று பலகை வைக்கலாம் என்ற யோசனை வந்திருக்கிறது. அக்கறையில் வந்த யோசனைதான். வரும் பொதுக்குழுவில் இதற்கு வாக்கெடுப்பு. அதற்கு முன் நீங்கள் யோசிக்கச் சில விஷயங்கள்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். கடனே கொடுக்காத கிளையில் வாராக்கடன் இருக்காது. அந்தக் கிளையைத் திறந்து வைப்பதிலும் அர்த்தம் இருக்காது. தெரிந்து எடுக்கும் ரிஸ்க் வேறு, கவனக்குறைவால் வரும் நஷ்டம் வேறு. முதலாவதை அளந்து ஏற்றுக்கொள்வோம். இரண்டாவதைத் தணிக்கையில் பிடிப்போம்.

விளையாட்டிலும் ஆபத்து இரண்டு வகை. கொய்யா மரத்தில் ஏறும் பிள்ளைக்கு உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. கிளை தாங்குமா என்று காலால் அழுத்திப் பார்க்கிறது, பயம் வந்தால் இறங்குகிறது. இப்படித்தான் தன் அளவு அதற்குப் பிடிபடுகிறது. ஆனால் தேய்ந்துபோன ஊஞ்சல் கொக்கி, சரியாக மூடாத சம்ப் மூடி, விளக்குக் கம்பத்தில் வெளியே தொங்கும் ஒயர் இவையெல்லாம் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றுக்குப் பெரியவர்கள் நாம்தான் பொறுப்பு.

நம் பூங்காவில் நடந்தது எந்த வகை? ஊஞ்சல் பல வருடமாக அதே உயரம்தான். கீழே முன்பு மணல் இருந்தது. சீரமைப்பின்போது பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பேவர் பிளாக் பதித்தோம். குழந்தை விழுந்தது அதன்மேல்தான். விளையாட்டுச் சாதனங்களுக்கான ஐரோப்பியத் தரநிர்ணயமான இஎன் 1176, விழும் உயரம் 3 மீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. அந்த உயரத்துக்கு ஏற்றபடி அதிர்ச்சி தாங்கும் தரையும் வேண்டும் என்கிறது. விழவே கூடாது என்று அது எதிர்பார்க்கவில்லை.

டென்மார்க்கில் கோபன்ஹேகன் அருகே எம்ட்ரப்பில் 1943-இல் ஒரு மைதானம் திறந்தார்கள். பிள்ளைகள் பழைய பலகை, செங்கல், ஆணி, சுத்தியல் கொண்டு தாங்களே கட்டி விளையாட ஓர் இடம். மேற்பார்வைக்கு ஒரு பெரியவர். பிரிட்டனில் பணியிடப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அரசு அமைப்பே, விளையாட்டில் ரிஸ்க்கை அடியோடு ஒழிப்பது நோக்கமல்ல என்று 2012-இல் அறிவித்தது.

ஊஞ்சலைக் கழற்றினால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? கார் ரிவர்ஸ் எடுக்கும் தெருவுக்கு, இல்லையேல் செல்போனுக்கு. வெளிச்சத்தில் விளையாடும் நேரம் கூடினால் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது. இதற்காகவே தைவான் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியே இருக்க ஊக்குவிக்கிறது. அந்த நேரத்தை நாமே பூட்டிவிடலாமா?

என் யோசனைகள் இவை:

1. ஊஞ்சல், சறுக்கு மரம் அடியில் பேவர் பிளாக்கை எடுத்துவிட்டு, ஓரடி ஆழத்துக்கு மணல் போடுவோம். மழையில் இறுகிவிடும் என்பதால் அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.

2. மாதம் ஒருமுறை கொக்கி, சங்கிலி, போல்ட், வெல்டிங், சம்ப் மூடி, ஒயர் எல்லாம் பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்து. பழுது இருந்தால் அதை மட்டும் அன்றே கட்டி வைப்போம். ரிஜிஸ்டரை எழுத நான் தயார்.

3. சித்திரை வெயிலில் இரும்புச் சறுக்கு தோலைச் சுட்டுவிடும். அதன்மேல் நிழல்வலை கட்டுவோம்.

4. மாலை 4 முதல் 6 வரை பூங்காத் தெருவில் வாகனங்கள் நடை வேகத்தில் செல்லட்டும்.

பெஞ்சில் உட்காரும் தாத்தா பாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். 'ஏறாதே, விழுந்துடுவே' என்று கத்தினால் பிள்ளை பதறித்தான் போகும். 'கால் எங்கே வைக்கிறே, பார்த்து வை' என்று சொல்லுங்கள். அது பிள்ளைக்கு உதவும்.

சிராய்ப்பு இனியும் வரும். சில சமயம் எலும்பும் முறியலாம். வராது என்று உங்களுக்கு உத்தரவாதம் தர என்னால் முடியாது. தடுக்கக்கூடியதைத் தடுத்தோமா என்று கேட்டால் ரிஜிஸ்டரைக் காட்ட முடியும். பொதுக்குழுவுக்கு வருமுன் ஒரு மாலை பூங்காவுக்குப் போய், பேவர் பிளாக்கைக் கையால் தட்டிப் பாருங்கள். பிறகு வாக்களியுங்கள்.