சாக்கடையும் பொது அறிவும்
(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாக்கடை. யாரும் மூக்கைப் பிடிக்க வேண்டாம். நம் வீட்டிலிருந்து தினந்தோறும் புறப்படுகின்ற தண்ணீர் எங்கே போகின்றது, அங்கே அது என்ன ஆகின்றது என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் பதில் சொல்லக்கூடும்? ஆறு எல்லா அழுக்கையும் அடித்துக்கொண்டு போய்விடும், ஓடுகிற தண்ணீருக்குத் தோஷமில்லை என்பதாகப் பாட்டன் சொன்னதையே நாமும் சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

அழுக்குத் தண்ணீரைச் சுத்தமாக்குவது மந்திரமுமல்ல, தீர்த்த மகிமையுமல்ல. கனத்த கசடு அடியில் படிகின்றது. மிச்சமுள்ள அழுக்கைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்கின்றன. அவைகளுக்குப் பிராணவாயு வேண்டும். அது இல்லாத இடத்தில் வேறு வகை உயிர்கள் பெருகி நாற்றமெடுக்கின்றது. அடிப்படை இவ்வளவுதான். ஆனால் இதைச் சுவருக்குள் மறைத்து வைத்தால் ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?

சீன தேசத்துச் செங்டு நகரில் 1998-இல் ஆற்றங்கரையில் ஒரு பூங்கா அமைத்தார்கள். பெட்ஸி டாமன் என்ற அமெரிக்கக் கலைஞர் மற்ற நிபுணர்களோடு சேர்ந்து திட்டமிட்டது. பூங்காவே மீன் வடிவம். அழுக்கான ஆற்றுத் தண்ணீரை ஏற்றி, முதலில் படியவிட்டு, பிறகு சிற்பக் கிண்ணங்களில் சுழன்று விழச் செய்து காற்றைக் கலக்கும்படியாகவும், அப்புறம் நீர்ச்செடிப் பாத்திகளிலும் மீன் குளங்களிலும் ஓடும்படியாகவும் ஏற்பாடு செய்தார்கள். இந்தச் சிறு பூங்கா ஆற்றையே சுத்தம் செய்துவிடுமா? செய்யாது. அங்கே தெளிவது பார்க்க வருகிறவனின் புத்தி.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஆர்கேட்டா என்னும் சிற்றூரில் இன்னும் பெரிய காரியம் நடந்தது. பல ஊர்களுக்கும் சேர்த்து ஒரே பெரிய நிலையம் கட்டும் திட்டம் 1970-களில் வந்தபோது, செலவு அதிகமென்று ஊரார் மறுத்தார்கள். பழைய குப்பைமேட்டையும் சேர்த்து, கோரையும் சம்பும் வளரும் சதுப்பு நிலமாக்கி, 1986 முதல் ஊர்ச் சாக்கடையை அதன் வழியே விட்டுச் சுத்தம் செய்கின்றார்கள். அங்கே 300-க்கு மேற்பட்ட வகைப் பறவைகள் காணப்பட்டிருக்கின்றன. ஜனங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அங்கே உலாவப் போகின்றார்கள். எங்கே? சாக்கடைத் தண்ணீர் சுத்தமாகிற இடத்துக்கு!

நம் நாட்டிலோ சாக்கடையைப் பற்றிய அறிவை ஒரு சில ஜாதியாரின் தலையில் கட்டிவிட்டு, மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். கையால் மலமள்ளுவதைத் தடுக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. அப்படியிருந்தும் குழிக்குள் இறங்கி மனிதன் விஷவாயுவில் சாவது நின்றபாடில்லை. தன் வீட்டுக் கழிவு போகும் வழி தெரியாதவனுக்கு, அந்த வழியில் செத்தவனைப் பற்றி எப்படிக் கவலை வரும்?

ஆகையால் தோழர்களே! உங்கள் ஊர் நகரசபையாரைக் கேளுங்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் கதவைத் திறக்கட்டும். பக்கத்தில் ஒரு தோட்டமும், தண்ணீர் படிப்படியாகத் தெளிவதைக் காட்டும் கண்ணாடித் தொட்டிகளும், எல்லோருக்கும் புரியும் தமிழில் பலகைகளும் வைக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் முதலில் போகட்டும். பெரியவர்கள் பின்னால் போய், அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.