படிப்பு ஏறாத பிள்ளை உண்டா?



"இவனுக்குப் படிப்பு ஏறவே மாட்டேங்குது. சொல்றதைக் கவனிச்சாத்தானே?" மதுரைப் பக்கத்துப் பள்ளி வாசல்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சில நேரம் பெற்ற தாயே சொல்வார், சில நேரம் ஆசிரியர் சொல்வார். ஆற்றாமையில் சொல்கிற சொல்தான். ஆனாலும் அது ஒரு தீர்ப்பாக மாறி, பிள்ளையோடு வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம்.

மதுரை பழங்காநத்தம் ரவுண்டானாவை ஒட்டிய ஒரு சந்தில் ஒற்றை அறை வாடகை வீடு. இரவு ஏழு மணி. அடுப்பும் டிவியும் படுக்கையும் அந்த அறைக்குள்ளேதான். பஸ் ஹாரனும் பக்கத்து வீட்டுப் பேச்சும் சுவரைத் தாண்டி வரும். பட்டறை வேலைக்குப் போன அப்பா இன்னும் திரும்பவில்லை. நாளைக்குக் குழுக்கடன் தவணை கட்ட யாரிடம் கைமாற்றுக் கேட்பது என்ற யோசனையில் அம்மா. நடுவே தரையில் உட்கார்ந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளை வாய்ப்பாடு எழுதுகிறது. இப்படிப்பட்ட வீடுகள் நம் ஊரில் எத்தனையோ!

இப்படிப்பட்ட பிள்ளைகளின் கவனத்தில் என்ன நடக்கிறது? அமெரிக்காவில், ஓரிகான் பல்கலைக்கழகத்தில் ஹெலன் நெவில் என்ற மூளை ஆய்வாளரின் குழு 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 3 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இடப்பக்கம் ஒரு கதை, வலப்பக்கம் வேறொரு கதை, இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தன. ஒன்றை மட்டும் கேட்கச் சொல்லிவிட்டு, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். அம்மாவின் படிப்பு குறைவாக இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கே சிக்கல் இருந்தது தெரியுமா? கேட்க வேண்டிய கதையைக் கேட்பதில் அல்ல, வேண்டாத கதையை ஒதுக்கித் தள்ளுவதில். நெருக்கடியான வீட்டில் நாலு பக்கமும் காது வைத்திருக்க வேண்டிய பிள்ளைக்கு எதையும் ஒதுக்கும் பழக்கம் எப்படி வரும்?

2015இல் கிம்பர்லி நோபிள் என்ற மூளை ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 3 முதல் 20 வயது வரையுள்ள 1,099 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்தார்கள். குடும்ப வருமானத்துக்கும் மூளையின் வெளி அடுக்கான புறணியின் பரப்புக்கும் தொடர்பு தெரிந்தது. மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குள் சிறிய வருமான வித்தியாசம்கூட அந்தப் பரப்பில் பெரிய வித்தியாசத்தோடு சேர்ந்து வந்தது. இது சராசரிக் கணக்கு. எந்த ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஏழை வீட்டுக்குள் போகும் சிறு உதவிக்கும் மதிப்பு அதிகம் இருக்கலாம் என்ற நம்பிக்கையை இது தருகிறது.

பெரியவர்களின் மூளையையும் பணமுடை விட்டுவைப்பதில்லை. அதற்குச் சான்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 சிறு கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. அறுவடைக்கு முன்பு கையில் காசில்லாத நேரத்தில் ஒரு சோதனை, அறுவடைப் பணம் வந்த பிறகு இன்னொரு சோதனை. ஆள் அதே ஆள்தான். பணம் வந்த பிறகு சிந்தனையும் கவனமும் தெளிவாக இருந்தன. கடனும் அடகும் நம் கவனத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட நேரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து பேசத் தாய்க்கு மனம் எங்கிருந்து வரும்?

இதற்கு மருந்து உண்டு. அதில் ஒன்றை மதுரை மாவட்டமே உலகத்துக்குக் காட்டியது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் மேலூர்ப் பக்கம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கியது. மூளை வேகமாக வளரும் 6 முதல் 36 மாத வயதுக் குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள். பணியாளர்களை அந்தந்த ஊரிலிருந்தே எடுத்தார்கள். ஏழ்மையிலும் தன் பிள்ளையை ஆரோக்கியமாக வளர்த்த தாய்க்கு முன்னுரிமை தந்தார்கள். ஏழைத் தாயின் அறிவை நம்பிய திட்டம் அது. கடுமையான ஊட்டக்குறைவு நன்றாகவே குறைந்தது.

நெவிலின் குழு 2013இல் இன்னொன்றையும் காட்டியது. ஏழைக் குடும்பத்து மழலையர் 141 பேரை வைத்து நடந்த ஆய்வு அது. ஒரு பிரிவில் எட்டு வாரம் பிள்ளைகளுக்குக் கவனப் பயிற்சி கொடுத்தார்கள். கூடவே பெற்றோருக்கு வாரம் ஒரு வகுப்பு: பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, அன்றாட வேலைகளுக்கு எப்படி ஓர் ஒழுங்கு வைப்பது என்று. பிள்ளைகளின் மூளையில் கவனத்துக்கான அலைகள் மேம்பட்டன, பெற்றோரின் மன அழுத்தமும் குறைந்தது.

பெற்றோரின் பாரத்தைக் குறைக்கும் இன்னொரு வழியும் நம் ஊரிலேயே பிறந்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. உப்புமாவும் பொங்கலும் சாம்பாரும் பிள்ளையின் வயிற்றை நிரப்புகின்றன. விடியலில் வேலைக்கு ஓடும் தாயின் மனதிலிருந்து ஒரு கவலையையும் எடுத்துவிடுகின்றன. இரண்டாவது பலனையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, கவனிக்காத பிள்ளை என்று சொல்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். காலையில் சாப்பிட்டதா? இரவு நிம்மதியாகத் தூங்கியதா? வீட்டில் உட்கார்ந்து எழுத அமைதியான இடம் இருக்கிறதா? இடம் இல்லையென்றால் அதை நாம் கொடுக்க முடியும். மாலையில் பூட்டிக் கிடக்கும் வகுப்பறை ஒன்றையோ, தெருவில் சும்மா இருக்கும் ஒரு மண்டபத்தையோ இரண்டு மணி நேரம் திறந்துவைத்து, பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்தால் போதும். பழங்காநத்தத்தில் ஒவ்வொரு வார்டும் இதைச் செய்யலாம். செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.