கடிகாரத்தைப் பார்க்காதீங்க, கைவீச்சைப் பாருங்க!

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், குழு உறுப்பினரும் நீச்சல் பயிற்றுநருமான சகோதரி ஒருவர் பேசியது.)



நம்ம குழுக்களில் சில பேருடைய பிள்ளைகள் மாவட்ட நீச்சல் குளத்துக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். கிணற்றில் குதித்து விளையாடின பிள்ளை இன்றைக்குப் போட்டிக்குப் போகுதுன்னா நமக்கெல்லாம் பெருமைதான். அந்தத் தாய்மார்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை செகண்ட் குறைஞ்சிருக்கு?"

நானும் அப்படிக் கேட்ட தாய்தான். அப்போ என் மகளுக்கு 12 வயசு. வாரா வாரம் ஸ்டாப் வாட்ச்சோட கரையில் நிற்பேன். நேரம் குறைஞ்சா அன்றைக்கு அவளுக்குப் புரோட்டா. கூடிப் போச்சுன்னா வீடு வரைக்கும் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அரை செகண்டுக்காக அவள் தண்ணியைப் படபடன்னு அடிச்சு நீந்தினாள். ஒரு நாள் காலையில் தலை பின்னக் கையைத் தூக்க முடியாமல் அழுதாள். தோள்பட்டை வலி. மூன்று மாசமா மறைச்சு வெச்சிருக்காள். "ஏன்டி சொல்லலை?"ன்னு கேட்டேன். "சொன்னா நீ பேச மாட்டியேம்மா" என்றாள். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. அதற்குப் பிறகுதான் நானும் பயிற்சி முடிச்சு, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வந்தேன்.

சகோதரிகளே, தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீரின் எதிர்ப்பு சுமார் நான்கு மடங்காகும். அதனால் வெறும் பலத்தால் தண்ணியை ஜெயிக்க முடியாது. எதிர்ப்பைக் குறைக்கிற மாதிரி உடம்பை வைக்கத் தெரியணும். அதுதான் முறை.

இன்னொரு விஷயம். 11 வயசிலிருந்து 14 வயசுக்குள் பிள்ளைகளின் உடம்பு மாறுகிறது. முன்னாடியே வளர்ந்த பிள்ளை உயரத்தாலும் பலத்தாலும் ஜெயிக்கும். பொம்பளைப் பிள்ளைகள் வயசுக்கு வந்த பிறகு சில காலம் நேரம் குறையாமல் அப்படியே நிற்கலாம். அது சோம்பேறித்தனம் இல்லை. அந்த நேரத்தில் "நீ சரியா நீந்தலை"ன்னு திட்டினால், பிள்ளை குளத்தையே விட்டுவிடும். முறை தெரிந்த பிள்ளைக்கு அந்தக் காலத்திலும் கற்றுக்கொள்ள ஏதாவது இருந்துகொண்டே இருக்கும்.

சரி, நாம் கரையில் நின்று எதைப் பார்ப்பது? நமக்கு நீச்சல் தெரிய வேண்டியதில்லை. மூன்று விஷயம் போதும்.

ஒன்று, தலை. நம்ம பிள்ளைகள் கிணற்றில் தலையைத் தூக்கிக்கொண்டு நீந்திப் பழகியவர்கள். தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். உடம்பே தண்ணியைத் தடுக்கும். ஃப்ரீஸ்டைலில் முகம் தண்ணிக்குள் இருக்கணும், பார்வை அடித்தரையில் இருக்கணும். மூச்சுக்குத் தலையைத் தூக்கக் கூடாது, பக்கவாட்டில் திருப்பணும்.

இரண்டு, கைவீச்சு. 25 மீட்டர் போக எத்தனை தடவை கை வீசுகிறாள் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு கையும் ஒரு கணக்கு. அதோடு ஆன செகண்டையும் கூட்டுங்கள். 27 வீச்சு, 22 செகண்ட் என்றால் மொத்தம் 49. அடுத்த மாசம் அது 47 ஆனால் முறை திருந்துகிறது என்று அர்த்தம். குழுக் கணக்கு எழுதுகிற நமக்கு இது பெரிய வேலையா?

மூன்று, சுவர். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடணும். ஒரு கை முந்தினால், எத்தனை வேகமாக வந்திருந்தாலும் தகுதி நீக்கம்தான். முதலாவதாக வந்தும் பதக்கம் இழந்து அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

சாஜன் பிரகாஷ் என்ற வீரர் சின்ன வயதில் நெய்வேலியில் நீச்சல் பழகியவர். அவருடைய அம்மாவும் விளையாட்டு வீராங்கனை. 2021-இல் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 செகண்டில் நீந்தினார். ஒலிம்பிக்குக்கு நேரடித் தகுதி 1 நிமிடம் 56.48. அந்தத் தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் அவர். இடைவெளி ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்கு! ஒரு திருப்பத்தில் சுவரைச் சரியாக உதைக்காவிட்டால் அவ்வளவு நேரம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். முறையை மாற்றும்போது முதலில் நேரம் கூடும். என் மகளுக்கும் கூடியது. தோள் குணமான பிறகு நாலு மாசம் ஸ்டாப் வாட்ச்சைப் பெட்டிக்குள் வைத்தேன். மனசு அடிச்சுக்கிட்டதுதான். ஆனால் குழு தொடங்கின முதல் ஆறு மாசம் நாம் சேமிப்பு மட்டும்தானே கட்டினோம்? அன்றைக்கே வங்கிக் கடன் கேட்டோமா? அவளுடைய 27 வீச்சு 22 ஆனது. நேரம் அதற்குப் பிறகு தானாகக் குறைந்தது.

நேரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் போட்டியன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சி முடிந்து வரும் பிள்ளையிடம், "எத்தனை செகண்ட்?" என்று கேட்காமல், "இன்னைக்கு என்ன புதுசாக் கத்துக்கிட்ட?" என்று கேளுங்கள். தோள் வலிக்கிறதா என்றும் கேளுங்கள். வலித்தால் பயிற்சியை நிறுத்தி, டாக்டரிடம் காட்டுங்கள்.

என் மகள் பெரிய பதக்கம் எதுவும் வாங்கவில்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறாள், இன்னும் நீந்துகிறாள். லீவுக்கு வந்தால் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குத் தலையைத் தண்ணிக்குள் வைக்கச் சொல்லித்தருகிறாள். வலியை என்னிடம் மறைப்பதில்லை. எனக்கு அதுவே போதும்.