குப்பைக்கு உரிமம் உண்டா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் குப்பை. அரசியல் மேடைக்கு இதுவா பொருள் என்று சிலர் நகைக்கக்கூடும். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையிலே குப்பை மலை சரிந்து 30க்கு மேற்பட்ட உயிர்களைப் புதைத்தபோது நகைத்தவர் எவருமில்லை. அம்மலை ஒரே நாளில் எழுந்ததன்று. 2009இல் புளூமென்டால் குப்பைமேடு நீதிமன்ற ஆணையால் மூடப்பட்டது. கொழும்பின் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போயிற்று. துன்பம் தீரவில்லை, முகவரிதான் மாறியது.

சப்ரகமுவ மலைச்சரிவுகளில் வாழும் நமக்கு இதில் என்ன அக்கறை? 2016 மே 17ஆந் திகதி அரநாயக்கவில் மலை சரிந்ததையும், அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்தில் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணுக்குள் மாண்டதையும் நாம் மறக்கவில்லை. மழை குடித்த மண்ணே நில்லாத சரிவில், மழை குடித்த குப்பை நிற்குமா? நிற்பதாகவே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து வடியும் கறுப்பு நீர் எங்கே போகும்? ஓடைக்கும், லயத்துப் பெண்கள் குடம் பிடிக்கும் பீலிக்கும், கீழே நெல் வயலுக்கும் போகும். எட்டியாந்தோட்டைப் பக்கத்து ஓடைகள் களனி கங்கையிற் கலக்கின்றன. அதே கங்கை நீரைத்தான் அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு மாந்தர் பருகுகின்றனர். தோட்டத்தான் துயர் தமக்கில்லை என்றிருக்கும் கனவான்கள் இதையேனும் எண்ணிப் பார்க்கட்டும்.

சட்டம் சொல்வதென்ன?

சட்டம் இல்லாத குறையன்று இது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையைத் தோற்றுவித்தது. 1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தம் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைக் கொண்டுவந்தது. 1993ஆம் ஆண்டு ஜூன் மாத வர்த்தமானி, நாளொன்றுக்கு 100 தொன்னுக்கு மேற்பட்ட குப்பையைக் கொட்டும் தளத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்றது.

நமது பிரதேச சபைகளின் குப்பை 100 தொன்னை எட்டாது. ஆகவே மதிப்பீடு வேண்டியதில்லை என்பர் அதிகாரிகள். அவர்கள் அவ்வர்த்தமானியின் மூன்றாம் பகுதியையும் புரட்டிப் பார்க்க வேண்டும். மண்பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மண்ணரிப்புக்குரியதெனப் பிரகடனப்படுத்தப்பட்ட நிலத்திலோ, 25 மீற்றருக்கு மேல் அகலங்கொண்ட பொது ஆற்றின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள்ளோ அமையும் தளமானால், அளவு எதுவாயினும் அனுமதி நடைமுறைக்கு உட்பட வேண்டும் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. மலைநாட்டானுக்கு இதைவிட உறுதியான கேடயம் வேறில்லை. ஆயினும் அது உறையிலேயே கிடக்கிறது.

குறை எங்கே என்றால், கண்காணிக்க வேண்டியவரும் கண்காணிக்கப்பட வேண்டியவரும் ஒரே வீட்டார். சிறு தொழில்களுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை அதிகாரசபை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்துள்ளது. மரக்காலைக்காரனிடம் உரிமம் எங்கே என்று கேட்கும் சபை, தன் குப்பைமேட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று தன்னையே கேட்குமா? வேலியே பயிரை மேய்ந்தால் அதை யார் தடுப்பது? மேலே உள்ளவர்களும் அரசாங்க நிறுவனம் ஒன்றை நீதிமன்றுக்கு இழுக்கத் தயங்குகின்றனர்.

மாகாணம் தடுக்கலாம். வடமேல் மாகாணம் 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நியதிச்சட்டத்தால் தனக்கெனச் சுற்றாடல் அதிகாரசபை ஒன்றை அமைத்துக்கொண்டது. சப்ரகமுவவுக்கு அத்தகைய சபை இல்லை. மாகாண சபையின் காலமோ 2017இல் முடிவுற்றது. கேள்வி கேட்கும் உறுப்பினரும் இல்லாது போயினர்.

தோட்ட மக்களுக்கு அநீதி இரட்டிப்பு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் குப்பையைச் சேர்ப்பதும் அகற்றுவதும் சபையின் கடமை என்கிறது. சேர்த்த குப்பை சபையின் சொத்து என்றுங் கூறுகிறது. அதே சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டங்களுக்குச் சபைப் பணம் செலவிட முடியாது என்று நெடுங்காலம் கைவிரித்தனர். 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. இன்று அந்தச் சாக்கு இல்லை. இனியும் நகரத்துக் குப்பை தோட்டத்துக்கு வருவதும், தோட்டத்துக் குப்பையை எடுக்க வண்டி வராததும் பொறுக்கத்தக்கனவல்ல.

செய்ய இயலாத காரியமா இது? பலாங்கொடை நகர சபை நமது இரத்தினபுரி மாவட்டத்திலேயே குப்பையைப் பிரித்துக் கூட்டெரு செய்து விற்றுக் காட்டியது. மனமிருந்தால் சபை ஒன்றால் இயலும்.

நாம் செய்யவேண்டியது

குப்பை லொறி வந்தால், தோட்டத் துரை சம்மதித்தார் என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். நிலம் அரசுடையது, கம்பனி குத்தகைக்காரனே. உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைக் காட்டும்படி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். உரிமம் இல்லையெனில், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத் தொல்லையை அகற்ற ஆணையிடுமாறு நீதவானை வேண்டலாம். நீதிமன்றம் ஏழைக்குச் செவிசாய்க்காது என்று சோர்வுற வேண்டாம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கிலே, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா செலுத்தும்படி பணித்தது. மேற்பார்வை செய்யத் தவறிய அரச நிறுவனங்களையும் கண்டித்தது.

வழக்குக்குச் சான்று வேண்டும். லொறி வந்த நாள், நேரம், இலக்கம், பீலித் தண்ணீரின் நிறம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத்தறிந்த பிள்ளைகள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. தகவல் கேட்கும் விண்ணப்பங்களைத் தமிழிலேயே எழுதி வைத்துள்ளோம். கூட்டம் கலையுமுன் தோட்டத்துக்கு ஒருவர் முன்வந்து கையொப்பமிட்டுப் பெற்றுச் செல்லுங்கள்.