தலைமாட்டில் இருந்தவருக்கு பத்ரின் கூலி
(திருவதிகை ஜுமுஆ உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் முஸ்லிம்கள் பத்ருக்குப் புறப்பட்டபோது உஸ்மான் (ரலி) அவர்கள் உடன் செல்லவில்லை. அவர்தம் துணைவியார், நபிகளாரின் அருமை மகளார் ருகையா (ரலி) அவர்கள் கடும் நோயுற்றிருந்தார்கள். அவரைக் கவனிக்குமாறு நபி (ஸல்) அவர்களே உஸ்மானை மதீனாவில் நிறுத்தினார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் கனீமத்தில் பங்கும் உண்டு என்றும் அறிவித்தார்கள். ருகையா (ரலி) அவர்கள் பிழைக்கவில்லை. வெற்றிச் செய்தி வந்தபோது அவர்களை அடக்கம் செய்தாகிவிட்டது. நோய் குணமாகாததால் அந்தப் பணிவிடையின் கூலி குறைந்ததா? சிந்தியுங்கள்.

இன்று புற்றுநோய் முற்றியவரைப் புதுவையிலும் சென்னையிலும் காட்டிவிட்டு, “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை” என்ற சொல்லோடு வீட்டுக்கு அழைத்து வருகிறோம். யாஸீன் ஓதுகிறோம், நன்று. ஆனால் இரவெல்லாம் அவர் அலறுகிறார், படுக்கைப் புண்ணில் சீழ் வைக்கிறது, வாய் வறண்டு கிடக்கிறது. செய்வதற்கு ஏராளம் இருக்கிறது!

இத்திருவதிகையின் பழஞ்செய்தியிலும், சூலை நோயால் துடித்த தம்பி தமக்கையைத் தேடி வந்ததாகச் சொல்வார்கள். வலியுற்றவன் உறவைத் தேடுகிறான். செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இதை உணர்ந்து, 1967இல் லண்டனில் இறுதிக்கால நோயாளிகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கின் வேதனையும் சேர்ந்ததே நோயாளியின் வலி என்பது அவர் கொள்கை.

நம் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் வலி நிவாரண சிகிச்சைச் சங்கத்தை நிறுவினர். பின்னர் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் சாதாரண மக்களே பயிற்சி பெற்று, சிறு தொகைகளைத் திரட்டி, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கலாயினர். 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கையே வகுத்தது. மலப்புறத்து முஸ்லிம்களால் முடிந்தது நமக்கு ஏன் முடியாது?

சிலர், “மார்ஃபின் அபினியாயிற்றே, ஹராமல்லவா?” என்று கேட்கிறார்கள். கடும் வலிக்கு மருத்துவர் அளந்து கொடுப்பது போதைக்காக உண்பதாகாது. நிர்ப்பந்தத்தில் மார்க்கம் இடமளிக்கிறது. வலி வந்தபின் அன்று, வருமுன்பே நேரம் தவறாமல், பெரும்பாலும் நான்கு மணிக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். சரியான அளவில் கொடுத்தால் நோயாளி வஸிய்யத் சொல்லவும் கலிமா மொழியவும் தெளிவோடு இருக்க இயலும். உயிரை முடிக்க ஊசி போடுவது கொலை, இது அதுவன்று. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியால் இம்மருந்து அரிதாகியிருந்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது.

வேறு சிலர், வலியால் பாவம் கழியும், பொறுக்கட்டும் என்கிறார்கள். முள் குத்தினாலும் பாவம் மன்னிக்கப்படும் என்றவர் நபிகளார்தாம். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று ஏவியவரும் அவரே. பொறுமையை நோயாளி தமக்குத் தாமே தேர்ந்துகொள்ளலாம். கட்டிலருகே நிற்பவர் அதை அவர்மீது சுமத்தலாகாது.

தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இச்சிகிச்சை தரும் ஏற்பாடு உண்டு. படுக்கையில் இருப்போர் பெயரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள். திருவதிகை, பண்ருட்டி, நெய்வேலி மஹல்லாக்களின் இளைஞர்கள் வாரம் ஒரு வீட்டுக்கேனும் செல்லட்டும். புண்ணைத் துடைத்துக் கட்டப் பழகுங்கள். இரவு விழித்த வீட்டாரை ஒரு மணி நேரம் உறங்கவிடுங்கள். பைத்துல்மாலில் மருந்துக்கென ஒரு தொகை ஒதுக்க முத்தவல்லிகள் முன்வரட்டும்.

இன்றிரவு உறக்கமின்றிக் கிடக்கும் நோயாளிகளின் வேதனையை அல்லாஹ் இலேசாக்குவானாக! ஆமீன்.