கோரி மீன் கிளீனர் இல்ல

இன்னைக்குப் பேசப் போறது ஒரு சின்ன மீனைப் பத்தி. முழுப் பெயர் கோரிடோராஸ், சுருக்கமா கோரி. கொளத்தூர் பக்கம் மீன் வாங்கப் போனவங்க பார்த்திருப்பீங்க. ரெண்டு இன்ச் நீளம், வாயோரமா மீசை, தொட்டியோட அடியிலயே எதையோ தேடிக்கிட்டுத் திரியும். நம்ம ஊர் கெளுத்திக்குத் தூரத்துச் சொந்தம். பூர்வீகம் தென் அமெரிக்கா. ரொம்ப சாது, எந்த மீனையும் சீண்டாது.

கடையில இதை விக்கும்போது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்வாங்க: "கிளீனர்." மத்த மீனுக்கு சாப்பாடு போடுங்க, மிச்சத்தையும் அழுக்கையும் இது பாத்துக்கும்னு. நாமளும் ரெண்டு வாங்கி விட்டுட்டு, பேக்ரவுண்ட் ப்ராசஸ் மாதிரி அது பாட்டுக்கு ஓடும்னு மறந்துடறோம். பல கோரிகள் பட்டினி கிடந்து சாகறதுக்கு இந்த நினைப்புதான் காரணம்.

கோரி மத்த மீனோட கழிவைத் தின்னாது. கண்ணாடியில இருக்கிற பாசியையும் சுரண்டாது. ஆத்துல அது தேடித் தின்னுறது புழு, பூச்சிகளோட லார்வா மாதிரியான சின்ன உயிர்கள். உங்க தொட்டியில கப்பியும் டெட்ராவும் மேலயே எல்லாத்தையும் முடிச்சிட்டா, கீழ இருக்கிறதுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதனால அதுக்குன்னு தனியா சாப்பாடு போடணும். ராத்திரி லைட்டை அணைச்ச பிறகு, அடியில மூழ்குற பெல்லட் போடுங்க. காலையில மிச்சம் கிடந்தா அளவைக் குறைங்க. வயிறு உள்ள ஒட்டியிருந்தா போதலைன்னு அர்த்தம்.

அடுத்தது துணை. கோரி கூட்டமா வாழுற மீன். ஒரே வகையில குறைஞ்சது 6 வேணும். ஒண்ணு ரெண்டு மட்டும் இருந்தா மூலையில ஒளிஞ்சே கிடக்கும். ஆறு சேர்ந்தா பகல்லயே தைரியமா வெளிய சுத்தும். சாதாரணமா கிடைக்கிற பிரான்ஸ் கோரிக்கு ரெண்டடி நீளத் தொட்டி போதும்.

மூணாவது தரை. கோரி மணலை வாயில அள்ளி, சாப்பாட்டை எடுத்துக்கிட்டு, மணலைச் செவுள் வழியா வெளிய விடும். கலர் கலரா வர்ற கூர்மையான கல்லுல அதைச் செய்ய முடியாது. அந்தக் கல்லும், அதுக்கு அடியில தேங்குற அழுக்கும் சேர்ந்தா மீசை தேய்ஞ்சு புண்ணாகும். நல்லா கழுவின மென்மையான மணல் போடுங்க. வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணியை மாத்துங்க, குளோரின் நீக்கின தண்ணியா இருக்கணும். யோசிச்சுப் பாருங்க, அழுக்கை எடுக்கும்னு வாங்கின மீன்தான் அழுக்குலயே படுத்துக் கிடக்குது, பாதிப்பும் முதல்ல அதுக்குத்தான்.

நிறைய பேர் பயப்படுற விஷயம் ஒண்ணு: திடீர்னு சர்ருனு மேல வந்து, ஒரு வாய் காத்து குடிச்சிட்டுக் கீழ போகும். பயப்பட வேண்டாம். கோரியால குடல் வழியாவும் ஆக்சிஜன் எடுத்துக்க முடியும். ஆனா எல்லாமே திரும்பத் திரும்ப மேல ஓடினா, தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சிருக்கான்னு பாருங்க. சென்னை மே மாசத்துல இது நடக்கும். பிரான்ஸ் கோரிக்கு 22 முதல் 26 டிகிரி வசதி, நம்ம வீட்டுத் தண்ணி 30-ஐ சுலபமா தாண்டிடும். ஏர் பம்ப்பை நிறுத்தாதீங்க, தண்ணி மேல ஃபேன் காத்து படுற மாதிரி வைங்க. வெயில் அதிகமான வீடுன்னா ஸ்டெர்பை கோரி வாங்கலாம், அது சூட்டைக் கொஞ்சம் அதிகமாத் தாங்கும்.

கெளுத்தி கழுவினவங்களுக்கு அந்த முள் தெரியும். கோரிக்கும் துடுப்புல முள் இருக்கு. வலையில சிக்கிக்கும், அதனால ஒரு கப்ல பிடிங்க. பெரிய சிக்லிட் கூட விடாதீங்க. விழுங்கப் பார்த்தா முள் தொண்டையில மாட்டி ரெண்டுமே சாகலாம்.

நல்லாப் பாத்துக்கிட்டா கோரி பல வருஷம் வாழும். ஆறு மீனுக்கு இடமும், ராத்திரி சாப்பாடு போட ஒரு நிமிஷமும் இருந்தா வாங்குங்க. தொட்டியைச் சுத்தம் பண்ண ஆள் தேடி மட்டும் வாங்காதீங்க, அந்த வேலை நம்மளோடது.

உங்க வீட்டுக் கோரிகளைப் பத்தி எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.